பூலியாவின் வெள்ளை ஊர்கள்: போகும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த ஊர்களைப் பற்றி இந்தப் பக்கம்?

இத்தாலியின் தென்கிழக்குக் கோடியில் இருக்கிற பூலியா மாநிலத்தில், பாரி நகரத்துக்கும் பிரிந்திசி நகரத்துக்கும் நடுவே இத்ரியா பள்ளத்தாக்கு என்று ஒரு பகுதி இருக்கிறது. அதிலும் அதன் ஓரத்திலும் உள்ள ஓஸ்தூனி, லோகோரோதோந்தோ, சிஸ்தெர்னினோ, மார்தினா ஃபிராங்கா, அல்பெரோபெல்லோ என்ற ஐந்து ஊர்களைப் பற்றித்தான் முக்கியமாகப் பேசப்போகிறேன். கூடவே, வெள்ளையடிக்காமல் கல்லின் நிறத்திலேயே வெளுத்து நிற்கிற லெச்சே, மதேரா பற்றியும் கொஞ்சம்.

கிரீஸின் சாண்டோரினி தீவு இருக்கும்போது இங்கே ஏன் போகவேண்டும்?

சாண்டோரினி அழகுதான், எரிமலை வெடித்து உள்வாங்கிய அந்தப் பள்ளத்தைக் கடலோடு சேர்த்துப் பார்க்கிற காட்சி வேறெங்கும் கிடைக்காது. ஆனால் கோடையில் கப்பல்களிலிருந்து ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி, சூரிய அஸ்தமனத்துக்காக ஒரே சந்தில் நெருக்கியடித்து நிற்பார்கள், அறை வாடகையும் எங்கேயோ இருக்கும். ஓஸ்தூனி முப்பதாயிரம் பேர் வாழ்கிற ஊர். பள்ளிக்கூடம், மருந்துக்கடை, முடிதிருத்தும் கடை, காலையில் காபிக் கடை வாசலில் நின்று அரசியல் பேசுகிற பெரியவர்கள் என்று எல்லாம் இருக்கும். சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போனாலும் இது ஊராகத்தான் இருக்கும். எனக்கு அது பெரிய விஷயம். கடலைப் பார்த்துக்கொண்டே நீச்சல்குளம் இருக்கிற அறைதான் வேண்டும் என்றால் தாராளமாக சாண்டோரினிக்குப் போங்கள்.

ஏன் எல்லாம் வெள்ளை? அழகுக்காகவா?

இல்லை. முதல் காரணம், கையில் கிடைத்தது சுண்ணாம்பு. அந்த நிலம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். அதைச் சூளையில் 900 டிகிரி வாக்கில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றினால் பூசுவதற்குச் சுண்ணாம்பு தயார். சுவரில் பூசியதும் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகவே இறுகிவிடும். வெயிலைத் திருப்பி அனுப்பும், வீட்டுக்குள் சூடு ஏறாது, சந்து குறுகலாக இருந்தாலும் வெளிச்சம் சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்து உள்ளே வரும்.

இரண்டாவது காரணம் நோய். சுண்ணாம்பு கடுமையான காரம், கிருமி தாங்காது. 17ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் பரவியபோது ஓஸ்தூனிக்காரர்கள் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்துத் தப்பித்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்துப் பழகிய நமக்கு இந்த விஷயத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை.

மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது, பயணப் புத்தகங்கள் இதை அதிகம் கண்டுகொள்வதில்லை: தண்ணீர். சுண்ணாம்புக்கல் நிலத்தில் மழை பெய்தால் அப்படியே உள்ளே இறங்கிவிடும், ஆறு ஓடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தொலைவில் இருக்கிற சேலே ஆற்றின் நீரை மலை தாண்டிக் குழாயில் கொண்டுவந்தார்கள், 1915இல்தான் அது பாரிக்கு வந்துசேர்ந்தது. அதுவரைக்கும் கூரையில் விழுகிற மழைநீரைப் பிடித்து வீட்டுக்கு அடியில் தொட்டியில் சேர்த்துக் குடித்தார்கள். தண்ணீர் ஓடிவருகிற வழியெல்லாம் சுண்ணாம்பு பூசி வைத்திருந்தால் தொட்டிக்குள் சுத்தமாக இறங்கும்.

ஓஸ்தூனியின் பழைய பகுதியில் ஏதாவது ஒரு வீட்டு மூலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். கூர்மையாக இருந்திருக்கவேண்டிய விளிம்பு மழுங்கி உருண்டு போயிருக்கும். தலைமுறை தலைமுறையாகப் பூசிப் பூசி வந்த கனம் அது. எங்கேயாவது பெயர்ந்திருந்தால் ஏடு ஏடாக அடுக்குகள் தெரியும், ஒன்றில் லேசான மஞ்சள், இன்னொன்றில் சாம்பல் சாயல். தோள் உரசினால் சட்டையில் வெள்ளை ஒட்டும். இப்போது சில வீடுகளில் கடையில் வாங்கிய பெயின்ட் அடிக்கிறார்கள், அது சட்டையில் ஒட்டாது, கொஞ்சம் பளபளக்கும், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். யாரோ ஒருவர் மழைக்காலம் முடிந்ததும் ஏணி போட்டு ஏறிப் பூசுவதால்தான் இந்த ஊர் வெள்ளையாக இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு சுற்றினால் பார்க்கிற பார்வையே மாறும்.

ஐந்து ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

தூரத்தை வைத்துப் பார்த்தால் முடியும். அல்பெரோபெல்லோவிலிருந்து லோகோரோதோந்தோ 9 கிலோமீட்டர், அங்கிருந்து மார்தினா ஃபிராங்கா 6 கிலோமீட்டர், சிஸ்தெர்னினோவும் கிட்டத்தட்ட 9 கிலோமீட்டர்தான், அதிலிருந்து ஓஸ்தூனி 15 கிலோமீட்டர். காரில் ஒரு பகலுக்குள் ஐந்திலும் இறங்கி ஏறலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இந்த ஊர்களின் நல்ல நேரம் காலை ஒன்பது மணிக்கு முன்னாலும் மாலை ஆறு மணிக்கு மேலும்தான். சுற்றுலாப் பேருந்துகள் வருவது நடுவில். நடுப்பகல் வெயிலில் வெள்ளைச் சுவர் கண்ணைக் குத்தும், போட்டோவும் வெளுத்துப்போகும். இரண்டு இரவாவது ஒரே ஊரில் தங்குங்கள்.

சரி, எதில் தங்குவது?

என் ஓட்டு லோகோரோதோந்தோவுக்கு. பழைய ஊர் வட்டமாக, சின்னதாக இருக்கும், வழி தவறினாலும் சுற்றிச் சுற்றி அங்கேயேதான் வருவீர்கள். வீடுகளுக்கு மேலே செங்குத்தாகச் சரிகிற முக்கோணக் கூரைகள், சாம்பல்நிறக் கல் தகடு வேய்ந்தவை. கும்மெர்ஸே என்பார்கள், இந்த ஊரின் அடையாளமே அதுதான். வாசல்படிகளில் ஜெரேனியம் தொட்டிகள். பூங்காப் பக்கம் போய் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம், கல்வேலி, நடுநடுவே கூம்புக் கூரை போட்ட த்ருல்லி வீடுகள்.

இரவு கடைத்தெரு கலகலவென்று இருக்கவேண்டும், கடலும் பக்கத்தில் வேண்டும் என்றால் ஓஸ்தூனி. மலைமேல் நின்று பார்த்தால் ஆலிவ் சமவெளிக்கு அப்பால் அட்ரியாடிக் கடல் தெரியும், கடற்கரைக்கு 8 கிலோமீட்டர்தான். உச்சியில் 15ஆம் நூற்றாண்டுப் பேராலயம் ஒன்று இருக்கிறது, அதன் வட்ட ஜன்னலில் 24 ஆரங்கள், நின்று எண்ணிப் பாருங்கள். ஊர் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். பக்கத்துக் குகையில் 1991இல் கண்டெடுத்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் எலும்புக்கூடு பற்றி அங்கே தெரிந்துகொள்ளலாம். சுமார் 28,000 ஆண்டுகளுக்கு முன்னால் புதைக்கப்பட்டவள், தலையில் சிப்பிகள் கோத்த அணி, ஒரு கை வயிற்றின்மேல், வயிற்றுக்குள் சிசுவின் எலும்புகள். தெலியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வெள்ளைச் சந்துகளைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

மார்தினா ஃபிராங்கா கொஞ்சம் பெரிய ஊர், பரோக் பாணி மாளிகைகள் நிறைய, 1975 முதல் ஒவ்வொரு கோடையிலும் ஓபரா விழா நடக்கிறது. இசைப் பிரியர்கள் அங்கே தங்கலாம்.

அல்பெரோபெல்லோவின் கூம்பு வீடுகள் என்ன கதை?

த்ருல்லோ என்பது ஒரு வீடு, பல இருந்தால் த்ருல்லி. சாந்து ஒரு பிடிகூட இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கட்டியவை. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கப்பட்டு, மேலே போகப்போகக் குறுகிக் கூம்பாகி முடியும். உள்ளே ஒரு அடுக்கு, வெளியே தட்டைக்கல்லால் மழைநீர் வழிகிற மாதிரி இன்னொரு அடுக்கு, நடுவில் சில்லுக் கல். சுவர் மட்டும்தான் வெள்ளை, கூரை சாம்பல். சில கூரைகளில் சுண்ணாம்பால் சிலுவை, இதயம் போன்ற குறிகள் வரைந்திருக்கும்.

ஏன் சாந்து இல்லை? புதிய ஊர் உண்டாக்கினால் நேப்பிள்ஸ் அரசுக்கு வரி கட்டவேண்டும், அதற்குப் பயந்து கொன்வெர்சானோவின் பிரபுக்கள் தங்கள் குடியானவர்களைச் சாந்து இல்லாமல்தான் கட்டவேண்டும் என்று வைத்திருந்தார்கள், அதிகாரி வந்தால் சீக்கிரம் கலைத்துவிடலாம் என்று. அப்படித்தான் அந்த ஊரில் சொல்கிறார்கள். 1797இல் மன்னர் நான்காம் ஃபெர்டினாண்ட் இந்த ஊரைப் பிரபுக்களின் பிடியிலிருந்து விடுவித்தார். 1996இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

ரியோனே மோன்தி என்கிற பெரிய பகுதி முழுக்கக் கடைகள். முதல் தடவை போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எல்லாம் வியாபாரம் என்று அலுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் ஆயா பிக்கோலாவுக்குப் போங்கள், அங்கே இன்னும் குடும்பங்கள் வசிக்கின்றன, சத்தமே இருக்காது.

எப்போது போகலாம்?

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுவரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரியைத் தாண்டும், அதைவிட முக்கியமாக ஆகஸ்ட் 15 விடுமுறையை ஒட்டி இத்தாலி மொத்தமும் கடற்கரைக்கு இறங்கிவிடும், அறை கிடைக்காது. குளிர்காலத்தில் உணவகங்கள் பாதி மூடியிருக்கும், மலைமேல் நல்ல காற்றும் அடிக்கும்.

எப்படிப் போய்ச் சேருவது?

பாரி, பிரிந்திசி இரண்டிலும் விமான நிலையம் உண்டு. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, ரோம், மிலான் அல்லது வேறு ஏதாவது ஐரோப்பிய நகரத்தில் மாறவேண்டும். ரோமிலிருந்து பாரிக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அதுவும் நல்ல வழி.

உள்ளூரில் இரண்டு ரயில் அமைப்புகள் இருப்பதுதான் எல்லாரையும் குழப்புகிறது. கடலோரமாகப் பாரி, பொலிஞானோ, மோனோபொலி, ஓஸ்தூனி, பிரிந்திசி, லெச்சே போவது த்ரெனித்தாலியா. உள்நாட்டில் அல்பெரோபெல்லோ, லோகோரோதோந்தோ, மார்தினா ஃபிராங்கா போவது ஃபெரோவியே தெல் சுத் எஸ்த், மெதுவாகப் போகும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் ரயிலுக்குப் பதில் பேருந்துதான். அதனால் ஞாயிறன்று ஊர் மாறுகிற மாதிரித் திட்டம் போடாதீர்கள். ஓஸ்தூனி ஸ்டேஷன் ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் கீழே இருக்கிறது, மேலே போக உள்ளூர்ப் பேருந்து உண்டு. காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள எந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்.

கார் எடுப்பது நல்லதா?

இந்தப் பகுதிக்கு மட்டும் ஆமாம் என்பேன். ஊர்களுக்கு நடுவே போகிற சின்னச் சாலைகள், இரண்டு பக்கமும் சாந்தில்லாக் கல்வேலி, அதுவே ஒரு காட்சி. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், ஆர்டிஓ அலுவலகத்தில் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிட்டுச் சொல்லவேண்டும்.

மிக முக்கியமானது: பழைய ஊர்ப் பகுதிகள் பெரும்பாலும் 'ஜோனா த்ராஃபிகோ லிமிதாதோ', வெளியாட்களின் வண்டிக்கு அனுமதி இல்லை. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட பலகை இருக்கும், யாரும் தடுக்கமாட்டார்கள், கேமரா மட்டும் படம் எடுக்கும், சில மாதம் கழித்து அபராதக் கடிதம் வீடு தேடி வரும். கூகுள் மேப் சொல்கிறது என்று நுழையாதீர்கள். நீலக் கோடு போட்ட இடத்தில் காசு கட்டி நிறுத்தலாம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் நமக்கு இல்லை.

விசா?

ஷெங்கன் விசா, இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கோடைப் பயணத்துக்கு விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டம். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால் எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பம்.

நாங்கள் சுத்த சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இத்தாலியிலேயே சைவர்களுக்கு நல்ல இடங்களில் பூலியா ஒன்று. இது ஏழை விவசாயிகளின் சமையல், காய்கறியும் பருப்பும்தான் அதில் அடிப்படை. முதலில் கேட்கவேண்டியது ஃபாவே எ சிகோரியா: உலர்ந்த ஃபாவா பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து, பக்கத்தில் லேசாகக் கசக்கிற வேகவைத்த கீரை வைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் தாராளமாக ஊற்றித் தருவார்கள். வாயில் வைத்தால் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற நிம்மதி இருக்கும். பாரி பாணி ஃபொக்காச்சா, தக்காளி பதித்த தடித்த ரொட்டி, ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போக வசதி. கெட்டியான ஃப்ரிசெல்லே ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தக்காளி போட்டுத் தருவதும் நன்றாக இருக்கும்.

கவனிக்கவேண்டியவை சில. காது வடிவ ஒரெக்கியெத்தே பாஸ்தாவைக் கீரையோடு தரும்போது அதில் நெத்திலி கரைத்துப் போடுவது வழக்கம், கண்ணுக்குத் தெரியாது. "சென்த்ஸா அச்சூகே" என்று சொல்லிவிடுங்கள், நெத்திலி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். சீஸ்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பது பரவலான பழக்கம், கண்டிப்பான சைவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. தராலி என்கிற வளைய முறுக்கில் வெள்ளை ஒயின் சேர்ப்பார்கள். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ 'கோபெர்த்தோ' என்று இருந்தால் அது மேசைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு?

சிஸ்தெர்னினோவுக்கு ஒரு சாயங்காலம் போங்கள். அங்கே கறிக்கடைதான் உணவகம். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று என்ன வேண்டும் என்று காட்டினால், எடை போட்டு, கம்பியில் கோத்து, கடைக்குள்ளேயே இருக்கிற விறகு அடுப்பில் சுட்டு, பக்கத்து மேசைக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். பொம்பெத்தே என்பதைக் கேளுங்கள், பன்றிக்கறித் துண்டுக்குள் சீஸ் வைத்துச் சுருட்டியது, கடித்தால் சூடாக உருகி வழியும். எட்டரை மணிக்கு மேல் இடம் கிடைப்பது சிரமம்.

மதியம் போனால் ஊரே மூடிக்கிடக்கிறதே?

ஆமாம், ஒரு மணியிலிருந்து நான்கு, ஐந்து மணிவரை கடைகள் பூட்டு. பிள்ளைகள் சந்தில் கத்தினால் மேல்மாடி ஜன்னல் திறந்து யாராவது எட்டிப் பார்ப்பார்கள். நீங்களும் அறைக்குப் போய்ப் படுங்கள். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன்னால் கிடைக்காது, சின்னக் குழந்தைகள் இருந்தால் பழம், ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ளவேண்டும்.

அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க முடியுமா?

ஓஸ்தூனி படியும் ஏற்றமும்தான், கஷ்டம். அங்கே ஆபே என்கிற மூன்று சக்கர வண்டியில் சுற்றிக்காட்டுகிறார்கள், நம் ஊரில் சரக்கு ஏற்றுகிற அதே பியாஜியோ ஆபேதான், அம்மாவை அதில் உட்காரவைத்துவிடலாம். லோகோரோதோந்தோ சமாளிக்கலாம். எந்த ஊரானாலும் தரையில் பாவிய சுண்ணாம்புக்கல் நூற்றாண்டுகளாகத் தேய்ந்து வழவழவென்று இருக்கும், மழை பெய்தால் வழுக்கும். பிடிப்புள்ள ஷூ கட்டாயம்.

வாசலில் நின்று போட்டோ எடுத்தால் திட்டுவார்களா?

திட்டமாட்டார்கள், ஆனால் அது ஒருவர் வீட்டு வாசல். கதவு மணித் திரை போட்டுத் திறந்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். படியில் ஏறி உட்கார்ந்து, தொட்டியை நகர்த்தி வைத்து, உடை மாற்றிக்கொண்டு மறுபடி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். ஒரு 'புவோன்ஜோர்னோ' சொல்லி, கையைக் காட்டிக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துச் சரி என்பார்கள். கொடியில் காய்கிற துணியையும் அதற்குப் பின்னால் இருக்கிறவர்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

ஆலிவ் மரங்கள் செத்துவிட்டன என்று கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. சைலெல்லா ஃபாஸ்திதியோசா என்ற பாக்டீரியா 2013இல் தெற்கே கல்லிபொலி பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. சாறு உறிஞ்சும் ஒரு சின்னப் பூச்சி மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது, மரத்தின் நீர்க்குழாய்கள் அடைத்துக்கொண்டு நின்றபடியே காய்ந்துவிடும். லட்சக்கணக்கான மரங்கள் போய்விட்டன. பிரிந்திசியைத் தாண்டி லெச்சே பக்கம் போனால் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன தோப்புகள் மைல்கணக்கில் வரும், மனம் கனத்துவிடும். ஓஸ்தூனிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள சமவெளியில் மிகப் பழைய மரங்கள் இன்னும் நிற்கின்றன, ஆயிரம் வருஷத்தைத் தாண்டியவையும் உண்டு என்கிறார்கள், தண்டு முறுக்கிப் பிளந்து ஒரு ஆள் உள்ளே நிற்கிற அளவுக்கு. மஸ்ஸெரியா என்கிற பழைய பண்ணைவீடுகள் சிலவற்றில் தோப்பையும் தரைக்கடியில் பாறையைக் குடைந்து வைத்த எண்ணெய்ச் செக்கையும் சுற்றிக்காட்டுகிறார்கள். கொடுக்கிற காசு அந்த மரங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் போகிறது, அவசியம் போங்கள்.

லெச்சே, மதேரா இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம். எது?

மதேரா. மாநிலம் வேறு, பசிலிகாத்தா, ஆனால் பாரியிலிருந்து 65 கிலோமீட்டர்தான், தனி ரயில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் சரிவில் வெளிர்நிறக் கல்லைக் குடைந்த வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும், ஒரு வீட்டின் கூரை அடுத்த வீட்டின் தெரு. சாஸ்ஸி என்று பெயர். வறுமையும் நோயும் தாங்காமல் 1952இல் சட்டம் போட்டு அங்கிருந்த பதினைந்தாயிரம் பேர் அளவுக்கு வேறு இடம் மாற்றினார்கள். அந்த இடமே 1993இல் யுனெஸ்கோ பட்டியலுக்கும் 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பெயருக்கும் வந்தது. பெரிய சதுக்கத்துக்கு அடியில் பலொம்பாரோ லுங்கோ என்ற மழைநீர்த் தொட்டி இருக்கிறது, உள்ளே இறங்கினால் ஒரு கோயில் அளவுக்கு உயரம். லெச்சே சிற்பப் பிரியர்களுக்கு. அந்த ஊர்க் கல் மென்மையானது, தேன்நிறச் சாயல், சான்தா க்ரோச்சே ஆலயத்தின் முகப்பில் இடம் விடாமல் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் தமிழர்கள் யாராவது இருக்கிறார்களா?

பூலியாவில் அதிகம் பார்க்கமுடியாது. ஈழத் தமிழர்கள் பெருமளவில் இருப்பது சிசிலியின் பலெர்மோ நகரில், அங்கே மலைமேல் உள்ள புனித ரோசாலியா குகைக்கோயிலுக்கு இந்துத் தமிழர்களும் போகிறார்கள். சிஸ்தெர்னினோவுக்கு வெளியே ஹைடாகான் பாபா என்ற இந்தியச் சாமியாரின் வழியில் இத்தாலியர்கள் நடத்துகிற போலே பாபா ஆசிரமம் ஒன்று இருக்கிறது, பலருக்கு இது ஆச்சரியம். கிறிஸ்தவர்கள் பாரியில் புனித நிக்கோலாஸ் பேராலயத்தைத் தவறவிடமாட்டார்கள், அவருடைய எலும்புகள் 1087இல் கடல்வழியாக அங்கே கொண்டுவரப்பட்டன.

திரும்பும்போது என்ன வாங்கலாம்?

தராலி, கெடாது, உடையவும் உடையாது. ஆலிவ் எண்ணெயைத் தகர டப்பாவில் வாங்கி, துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். டப்பாவில் எந்த வருஷத்து அறுவடை என்று போட்டிருக்கிறதா பாருங்கள், புதுசுதான் நல்லது, நாக்கில் லேசாகக் காரமாகத் தொண்டையைப் பிடிக்கும். சின்ன கூம்பு வீட்டுப் பொம்மைகள் வாங்குவதாக இருந்தால் ஆயா பிக்கோலா பக்கம் கல்லிலேயே செய்கிற கைவினைஞர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள், விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.